உட்கார்ந்து செய்கிற வேலை

காவலாளி ஒரு கதவைத் திறந்து மறு கதவின் தாழ்ப்பாளில் கைவைப்பதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. வரிசையில் நிற்கவும் என்று சுவரில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதை யார் பார்த்தார்கள்? சிலர் காலி வாளியோடு வந்திருந்தார்கள். ஒருவர் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, எடுக்கிற நேரம் வரட்டும் என்று சட்டைக்குள் வைத்திருந்தார். வேலைக்குப் போகிற வழியில் வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே முன்னால் நிற்பவரின் முதுகில் முட்டினார்கள். முதல் ஜன்னல் கட்டணத்துக்கு, இரண்டாவது புது இணைப்புக்கு. அவை இரண்டும் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. மொத்தக் கூட்டமும் மூன்றாவது ஜன்னலில் வந்து மோதியது. அதற்கு மேலே 'புகார்' என்று பலகை தொங்கியது. உள்ளே இரும்பு உட்கார்ந்திருந்தார்.

இரும்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. குடிநீர் அலுவலகத்தின் குழாய்ப் பிரிவில் சேர்ந்த புதிதில், இரண்டு பேர் தூக்க வேண்டிய குழாயை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார். "இவன் மனுசனா, இரும்பா?" என்று அன்று யாரோ கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதிகாரியிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் அவர் இரும்புதான். போன மழைக்காலத்தில், உடைந்த குழாயை மாற்றப் பள்ளத்தில் இறங்கிய இரும்பு, கையிலிருந்த ஸ்பேனரை நழுவவிட்டுச் சேற்றிலேயே சாய்ந்தார். மாரடைப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் கம்பிச் சுருள் ஒன்றை வைத்து அடைப்பை விரித்துவிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் பைப் மாத்தினேன். கடைசியில எனக்கே உள்ள பைப் போட்டுட்டாங்கடா" என்று, பார்க்க வந்த கூட்டாளிகளிடம் சிரித்தார்.

"இரும்புன்னா துருப்பிடிக்கத்தானேண்ணே செய்யும்" என்றான் அவர்களில் ஒருத்தன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நடக்கலாம், படியேறலாம், குழாய் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அலுவலகமும் இரக்கம் காட்டியது. "இனிமே பள்ளம், சேறு எதுவும் உங்களுக்கு வேணாம். உக்காந்து செய்யற வேலை. தலைக்கு மேல ஃபேன். வர்றவங்க சொல்றதை எழுதிக்கணும், ரெண்டு வார்த்தை பதில் சொல்லணும். அவ்வளவுதான்" என்றார் அதிகாரி. இரும்பின் மனைவி அந்த அதிகாரி பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று வாயார வாழ்த்தினாள்.

சொல்ல வேண்டிய அந்த இரண்டு வார்த்தையையும் அதிகாரியே சொல்லிக்கொடுத்திருந்தார். "குழாய்ப் பராமரிப்பு நடக்குது. சீக்கிரம் சரியாயிடும்." பராமரிப்பு எங்கும் நடக்கவில்லை. பழைய குடியிருப்புகளுக்குப் போகும் வால்வைப் பாதிக்கு மேல் மூடி, ஆற்றங்கரையோரம் புதிதாக எழும்பியிருக்கும் மாடிக் கட்டடங்களுக்குத் தண்ணீரைத் திருப்பியிருந்தார்கள். அது மேலிடத்து உத்தரவு. மூடியவர்கள் இரும்போடு ஒரே பள்ளத்தில் நின்று வேலை செய்தவர்கள். வெளியே சொல்லக்கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அன்று முதலில் ஜன்னலைப் பிடித்தவள் ஒரு தையல்காரி. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள்.

"நான் எத்தனை தடவை வர்றது? எங்க மாமியா படுத்த படுக்கையா கிடக்கு. நாலாவது மாடி. கீழ குழாய்லயே சொட்டுது, மேல எப்படி வரும்? அதோட துணிய நான் எதுல அலசுறது, சொல்லு. எச்சில துப்பி அலசட்டுமா?"

"அம்மா, குழாய்ப் பராமரிப்பு நடக்குது..."

"போன வாரமும் இதையேதானே சொன்னே! எங்க நடக்குது? எந்தத் தெருவுல தோண்டியிருக்கீங்க? காட்டு, வர்றேன்."

இரும்பு பேனாவை உருட்டினார். எந்தத் தெருவிலும் தோண்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டதுபோல இருந்தது.

"பொய் சொல்ற மூஞ்சியப் பாரு. உன் வீட்டுல ஒருத்தர் இப்படி நாறிக்கிடந்தா அப்பத் தெரியும்!"

பின்னால் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பழுப்புத் தண்ணீர்க்காரர் பாட்டிலை எடுத்து ஜன்னல் பலகையில் ஓங்கி வைத்தார். "இதை நீ குடி. என் கண்ணு முன்னால ஒரு வாய் குடிச்சுக் காட்டு!"

முதலில் தாடையில்தான் தெரிந்தது, பல்வலி மாதிரி. பிறகு நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல அழுத்தம். இடது கை கனத்தது. இரும்பு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த சிறிய டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அங்க பாருங்கய்யா! நாம நாக்கு வறண்டு நிக்கிறோம், இவன் மிட்டாய் சப்பிக்கிட்டுத் தூங்குறான்!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு திட்டைவிட மோசமாக இருந்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்துக் காதோரமாக இறங்கியது. பின் மேசையிலிருந்த டைப்பிஸ்டம்மா எழுந்து வந்து, அவர் நாற்காலியைத் தன் இடுப்பால் மெல்ல நகர்த்திவிட்டு ஜன்னலில் நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க. மனுசன்தானே. எய்தவன் எங்கயோ இருக்கான், நீங்க அம்பைப் போட்டு ஒடிக்கிறீங்க."

"எய்தவன் யாருன்னு சொல்லு, அங்க போறோம்" என்றது ஒரு குரல். டைப்பிஸ்டம்மா புகார்த் தாளை இழுத்து, முகவரியைச் சொல்லச் சொன்னாள்.

இது முதல் முறையல்ல. ஜன்னலுக்கு வந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிட்டது. அலுவலகத்துக்கென்று இருக்கும் டாக்டரிடம் போனபோது அவர் டிரெட்மில் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டையின் மீது இரும்பை ஏற்றினார்கள். பட்டை வேகம் கூடியது, மேடானது. இரும்பு நடந்தார், நடை ஓட்டமானது. மூச்சு வாங்கியது, உடம்பு நனைந்தது, ஆனால் நெஞ்சில் ஒன்றுமில்லை. இளைத்துப்போன உடம்பு பழைய நாளை நினைத்துக்கொண்டதுபோல அவருக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. "விட்டா ஊருக்கே ஓடிடுவீங்க போல" என்றார் ஒயர் மாட்டிவிட்டவர்.

டாக்டர் கோடுபோட்ட தாளை மடித்து நீட்டினார். "குதிரை மாதிரி இருக்கீங்க. ஒரு குறையும் இல்ல. வாயுவா இருக்கும். சூடா தண்ணி குடிங்க."

"இல்லீங்க சார், ஜன்னல்ல உக்காரும்போது மட்டும்..."

"ஓடும்போது வராத வலி உக்காந்திருக்கும்போது வருமா? மனப்பிரமை. எல்லாம் உங்க நினைப்புதான்."

அந்த 'நினைப்புதான்' அவரை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. மருந்துப் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் பட்டறையிலிருந்து மனைவி அப்போதுதான் வந்திருந்தாள். விரல் நுனிகளில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி.

"அப்போ நெஞ்சு நல்லாத்தானே இருக்கு? கடவுளே, எனக்கு இப்பத்தான் உசிரே வந்துச்சு."

"நல்லா இருந்தா ஏன்டி வலிக்குது?"

"வேலை பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. நாலு பேர் நாலு சொல்லு சொல்லத்தான் செய்வாங்க. ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுட்டுப் போவீங்களா, அதைப்போய் நெஞ்சுல ஏத்திக்கிட்டு..."

"நானா ஏத்திக்கிறேன்?" என்று கத்திவிட்டார். கத்தியதும் தாடையில் அந்த இழுப்பு லேசாகத் தெரிந்தது. சட்டென்று அடங்கிப்போனார். அவள் அவர் முகம் மாறியதைப் பார்த்துவிட்டாள். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முதுகை நீவிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கல்லூரிக்குப் போகும் மகள் மதிப்பெண் குறைந்ததைக்கூட அம்மாவிடம் அடுப்படியில் வைத்துக் கிசுகிசுவென்றுதான் சொன்னாள்.

தையல்காரி வந்துபோன அன்று சாயங்காலம் இரும்பு வழக்கமான பஸ்ஸைப் பிடிக்கவில்லை. புகார்த் தாளில் எழுதியிருந்த முகவரி அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. ஏன் போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சாயம் உதிர்ந்த நாலு மாடிக் கட்டடம். தரைத்தளக் குழாயில் தண்ணீர் நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் வாளி வைத்துவிட்டுத் தையல்காரி சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் சுருங்கியது.

"என்ன, வீடு வரைக்கும் வந்து பொய் சொல்லப் போறியா?"

இரும்பு, பக்கத்தில் நிறைந்திருந்த இரண்டு வாளிகளைக் கையில் எடுத்தார். "எந்தக் கதவு?" என்று மட்டும் கேட்டார்.

அவள் தடுப்பதற்குள் ஏறத் தொடங்கிவிட்டார். படிகள் குறுகலானவை, விளிம்பு தேய்ந்தவை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். நெஞ்சைத் தானே கவனித்துக்கொண்டே ஏறினார், இப்போது வரும், இதோ வரும் என்று. வரவில்லை. நாலாவது மாடியில் திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து மூத்திர வாடை வந்தது. கட்டிலில் சுருண்டு கிடந்த கிழவி தலையைத் திருப்பி, "தம்பி வந்துட்டியா" என்றாள். வேறு யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். "வந்துட்டேன்மா" என்றார் இரும்பு.

கீழே இறங்கி மறுபடியும் ஏறினார். கதவோரம் இருந்த பீப்பாய் நிறையும்வரை தையல்காரி கீழே பிடித்துக் கொடுக்க, அவர் மேலே கொண்டுபோனார். கடைசி வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சு, மழை பெய்து ஓய்ந்த தெருமாதிரி அமைதியாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"காலையில கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றாள் தையல்காரி. ஒரு டம்ளரில் டீயை நீட்டினாள். "பேசாம என்ன செய்யறது? அந்த ஜன்னலை விட்டா எங்களுக்கு வேற எது இருக்கு?"

"நீங்க சொன்னது சரிதான்மா" என்றார். அதற்கு மேல் சொல்ல நினைத்தபோது கையெழுத்துப் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை, அதே ஜன்னலில், யாரோ ஒரு பெரியவர் குரலைக்கூட உயர்த்தாமல் "உங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையாப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இரும்புக்கு மாத்திரை டப்பாவின் மூடியைத் திறக்க விரல் ஒத்துழைக்கவில்லை. டைப்பிஸ்டம்மா திறந்துகொடுத்தாள். அன்று அவளே ஆட்டோ பிடித்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள்.

அங்கே இருதயப் பிரிவில் இருந்தவர் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. டிரெட்மில் தாளைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார். "வலி எப்ப வருதுன்னு நீங்களே சொல்லுங்கய்யா" என்றார். இதுவரை யாரும் அந்தக் கேள்வியை இப்படிக் கேட்டதில்லை. இரும்பு சொன்னார். வாளி தூக்கியதையும் சொன்னார். நடுவில் குறுக்கிடாமல் கேட்ட டாக்டரம்மா, அவரை இடது பக்கமாகப் படுக்கவைத்து, மார்பில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கையளவு கருவி ஒன்றை விலா எலும்புகளுக்கு நடுவில் அழுத்தினார். பக்கத்துத் திரையில் இருதயம் துடிப்பது தெரிந்தது.

"நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க. வேகமா."

"நூறு... தொண்ணூத்தி மூணு... எண்பத்தாறு... எழுபத்தி..."

"தப்பாச் சொல்லப் போறீங்க. சீக்கிரம்" என்றார் நர்ஸ், கண்டிப்பாக. பிறகு டாக்டரம்மாவே குரலை மாற்றினார்.

"சரி, கணக்கு வேணாம். இப்ப நீங்க ஜன்னல்ல இருக்கீங்க. நான் தண்ணி வராத வீட்டுக்காரி. எங்க வீட்டுக்கு ஏன் தண்ணி வரலை?"

"குழாய்ப் பராமரிப்பு நடக்குதும்மா..."

"எங்க நடக்குது? பொய் சொல்றீங்களா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று தெரிந்தும் இரும்புக்குத் தாடை இழுத்தது. "சீக்கிரம் சரியாயிடும்மா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. திரையில் இவ்வளவு நேரம் முழுதாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்த தசையின் ஒரு பக்கம் தளர்ந்து, மற்ற பக்கங்களோடு சேர்ந்து அசைய மாட்டாமல் பின்தங்கியது. நர்ஸே குனிந்து பார்த்தார். டாக்டரம்மா உடனே கருவியை எடுத்துவிட்டு, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கொடுத்து, அவர் தோளில் கைவைத்தார்.

"போதும்யா, போதும். நான் சும்மாத்தான் கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு நிதானமா மூச்சு விடுங்க."

இரும்பு தெளிந்து உட்கார்ந்ததும் டாக்டரம்மா சொன்னார். "மனசுக்கு நெருக்கடி வந்தா ரத்த அழுத்தம் ஏறும், இருதயத்துக்கு வேலை கூடும். நல்லா இருக்கிற குழாய் அப்ப விரிஞ்சு கொடுக்கும். உங்களது ஏற்கெனவே கெட்டுப்போன குழாய். விரிய வேண்டிய நேரத்துல இறுகிக்குது. கம்பிச் சுருள் வச்ச இடம் மட்டும் இல்ல, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழாயெல்லாம். அதனாலதான் ஓடும்போது தாங்குது, அவமானப்படும்போது தாங்கலை. சில பேருக்கு இப்படித்தான். பல பேருக்கு வலிகூடத் தெரியாது. திடீர்னு ஒருநாள் விழுந்துடுவாங்க."

"அப்போ இது என் நினைப்பு இல்லையாம்மா?"

"நினைப்புதான்யா. நினைப்பு உள்ள போய் இருதயத்தை நெரிக்குது. ரெண்டும் ஒரே உடம்புக்குள்ளதானே இருக்கு?"

இரும்பு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அழுதார். பயத்தில் அல்ல. இத்தனை நாளில் முதல்முறையாக ஒருவர் அவரை நம்பியிருந்தார்.

மருந்தை மாற்றினார் டாக்டரம்மா. மனசைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் வரச்சொன்னார். மக்கள் கத்துகிற இடத்தில் இவரை உட்காரவைக்கக் கூடாது என்று அலுவலகத்துக்கும் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு இரும்பு அதிகாரியின் அறைக்குப் போனபோது, அதிகாரி தொலைபேசியில் "சரிங்க சார், சரிங்க சார்" என்று எழுந்து நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தார். வைத்ததும் நெற்றியைத் துடைத்தார். அவர் மேசையிலும் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது.

படித்துப் பார்த்துவிட்டு, தான் கெட்டவரில்லை என்கிற தோரணையில் தலையாட்டினார். "ஸ்டோர் ரூம்ல சாமான் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமத்தான் கிடக்கு. பார்க்கலாம். மேல ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திடலாம்."

வீட்டில் டாக்டரம்மா விளக்கியதைச் சொன்னபோது மனைவி தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டினாள். "மனசு வலிக்குதுன்னு சொல்லும்போது எல்லாரும் இங்கதானே தொட்டுக் காட்டுறோம். இத்தனை படிச்ச அந்த ஆபீஸ் டாக்டருக்கு இது தெரியலை, போகட்டும். எனக்குமா தெரியாமப் போச்சு? மன்னிச்சுக்குங்க." இரும்பு அவளுடைய பசை படிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார். "உன் கை ஒட்டிக்கிச்சு, இனி எடுக்க முடியாது" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு மகள் அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தாள்.

ஸ்டோர் ரூமை இரும்பு மனசுக்குள் அடுக்கவும் தொடங்கிவிட்டார். வால்வுகள் ஒரு பக்கம், இணைப்பு வளையங்கள் ஒரு பக்கம். அங்கே யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் இருக்கிறதா இல்லையா என்று உண்மையைச் சொல்லலாம்.

தையல்காரி வந்தது அந்த வாரக் கடைசியில். புகார் சொல்ல வரவில்லை. இரும்பின் ஜன்னலுக்கும் வரவில்லை. நேராக அதிகாரியின் அறைக்குள் போய்விட்டாள். மரியாதையாக, கைகூப்பி நின்றாள்.

"இங்க ஒரு நல்ல மனுசன் இருக்காருங்க சார். மூணாவது ஜன்னல்ல. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரு அன்னைக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்கு வந்து, ரெண்டு கையிலயும் வாளியத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறினாரு சார். ஒரு தடவை இல்ல, பீப்பாய் நிறையற வரைக்கும். அவருக்கு ஏதாவது நல்லது செய்யணும் நீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

போகிறபோது ஜன்னல் பக்கம் திரும்பி, இரும்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அவரும் சிரித்தார். எதற்கு வந்தாள் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். டாக்டரம்மாவின் தாள் மேசைமீது விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"நாலு மாடி. கையில தண்ணி வாளி" என்றார். "அதுவும் பல தடவை. ஆனா இங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேனா பிடிச்சா நெஞ்சு வலி. நான் மேல என்னன்னு எழுதறது, இரும்பு? சொல்லுங்க."

"சார், அதைத்தான் டாக்டரம்மா எழுதியிருக்காங்க. தூக்கும்போது வராது. திட்டு வாங்கும்போதுதான்..."

"திட்டு எனக்கும்தான் விழுது. தினமும் விழுது. நான் எங்க போய் உக்காரட்டும்?" அதிகாரியின் குரல் உயரவில்லை. களைத்திருந்தது. "நம்ம டாக்டர் ஒண்ணும் இல்லைங்கிறார். அந்தம்மா இருக்குங்கிறாங்க. மேல என்ன சொல்றாங்க தெரியுமா? இந்த வேலைகூட முடியாதுன்னா எந்த வேலைக்கும் லாயக்கு இல்லைன்னு எழுதி அனுப்பிடுங்கன்னு. அனுப்பட்டுமா?"

இரும்பு நின்றுகொண்டிருந்தார். எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று அனுப்பினால் அலுவலகம் கொடுத்த மருத்துவ அட்டையும் போகும். புதிதாக எழுதிய மருந்தும், பழைய மருந்தும், டாக்டரம்மாவின் பயிற்சியும் அந்த அட்டையில்தான் வந்துகொண்டிருந்தன. நெஞ்சைக் காப்பாற்ற ஜன்னலை விட்டால் மருந்து நிற்கும். மருந்து வேண்டுமென்றால் ஜன்னலில் உட்கார வேண்டும்.

"வேணாம் சார்" என்றார்.

"அந்த நாலு மாடிக்காரம்மா வந்து சொல்லாம இருந்தா மாத்தியிருப்பேன்" என்றார் அதிகாரி, உண்மையாகவே வருத்தப்பட்டவர்போல. "நல்லது செய்யப்போய் உங்களுக்கு நீங்களே குழி வெட்டிக்கிட்டீங்க."

வெளியே வந்ததும் டைப்பிஸ்டம்மா கண்ணாலேயே கேட்டாள். இரும்பு இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் விசைகளை ஓங்கி ஓங்கித் தட்டத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் அடித்த தாள்களில் எல்லாம் முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

மனைவி அதிகாரியைப் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். இரும்பு வாசலை மறித்து நின்றார். "நீ போய்க் கெஞ்சுறதைப் பாத்தா அங்கயே விழுந்துடுவேன்" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று, சத்தம் வராமல், வைக்கப்படுவது தெரிந்தது.

தண்ணீர் மேலும் குறைந்தது. ஜன்னலில் கூட்டம் கூடியது. ஒருநாள் யாரோ வீசிய காலி டப்பா இரும்பின் தோளில் பட்டுத் தெறித்தது. இந்தமுறை அலுவலகம் வேகமாகச் செயல்பட்டது. விடுமுறை நாளில் ஆட்கள் வந்து அளவெடுத்து, துளைபோட்டு, வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். காலையில் அதிகாரியே இரும்பை ஜன்னல் வரைக்கும் அழைத்துக்கொண்டு வந்து காட்டினார்.

மேசையிலிருந்து கூரை வரைக்கும் தடிமனான கண்ணாடி. ஆள் உட்காரும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் துளை.

"உங்களுக்காகத்தான் மேல சண்டை போட்டு வாங்கினேன்" என்றார் அதிகாரி. விரல் கணுவால் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "இனிமே ஒரு பய உங்களைத் தொட முடியாது. சத்தமும் பாதிக்கு மேல குறைஞ்சிடும்."

காவலாளி கதவைத் திறந்தார். கூட்டம் வந்து கண்ணாடியில் மோதி நின்றது. வாய்கள் திறந்து திறந்து மூடின. உள்ளே ஒரு முனகல்தான் கேட்டது. கேட்கவில்லை என்று இரும்பு காதைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் இன்னும் உரக்கக் கத்தினார்கள். உள்ளங்கைகள் கண்ணாடியில் அறைந்தன. முன்னால் நின்றவர் குனிந்து, வாயை அந்தத் துளையில் பொருத்தினார்.

என்ன சொல்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரும்பு நாற்காலியை முன்னால் இழுத்தார். மேசை விளிம்பில் நெஞ்சு அழுந்தும்வரை சாய்ந்து, காதைக் கொண்டுபோய்த் துளையில் வைத்தார்.